உங்கள் ஃபேன் ஆர்ட்டைத் திரும்பிப் பார்ப்பதும் பிறர் படத்தைப் பரிந்துரைப்பதும்: புதிதாக வருபவர்களுக்கு

காரைக்குடியைச் சுற்றி ஃபேன் ஆர்ட் வரைகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். பிடித்த நடிகரைப் பென்சிலில் வரைகிறவர்கள், ஜப்பானிய அனிமே நாயகர்களை டேப்லெட்டில் வரைகிறவர்கள், கிரிக்கெட் வீரருக்கு ஆளுயரப் படம் போடுகிறவர்கள், வந்தியத்தேவனையும் குந்தவையையும் விடாமல் வரைந்துகொண்டே இருப்பவர்கள். எப்படி வரைவது என்று சொல்லித்தரக் காணொளிகள் கொட்டிக் கிடக்கின்றன. வரைந்து முடித்தபிறகு என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் குறைவு. படத்தை எடுத்து ஸ்டேட்டஸில் போடுவதோடு பலருக்கும் வேலை முடிந்துவிடுகிறது.

அங்கே முடிக்கக் கூடாது என்பது என் எண்ணம். தான் வரைந்ததை உட்கார்ந்து பார்த்து நாலு வரி எழுதுவதும், அடுத்தவர் வரைந்ததில் பிடித்ததை நாலு பேருக்கு எடுத்துச் சொல்வதும் வரைவதற்குச் சமமான வேலைகள். இரண்டுக்கும் வேண்டியது ஒரே பழக்கம்தான்: படத்தில் எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்ப்பது. சொந்தப் படத்தில் அதைப் பழகிக்கொண்டவருக்குத்தான் அடுத்தவர் படத்தைப் பற்றி உருப்படியாக ஒரு வார்த்தை சொல்ல வரும். அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

1. முடித்த அன்றே தீர்ப்புச் சொல்லாதீர்கள்

முடித்த இரவில் படம் பிரமாதமாகத் தெரியும், அல்லது கிழித்துப் போடலாம்போல் தெரியும். இரண்டையும் நம்ப வேண்டாம். ஒரு வாரமாவது கண்ணில் படாமல் வையுங்கள். தாளாக இருந்தால் இரண்டு அட்டைக்கு நடுவில், தரையிலிருந்து உயரமாக. கரையான் பற்றி நம் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. டிஜிட்டல் என்றால் கோப்பை மூடிவிட்டு அடுத்த படத்தைத் தொடங்குங்கள்.

2. நல்ல வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள்

ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறங்களைச் சரியாகப் பார்க்க முடியாது. இந்த விஷயத்தில் நம் ஊர்ப் பழைய வீடுகள் கொடுத்துவைத்தவை. வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், மேலே திறந்த வானம், சுற்றிலும் தாழ்வாரம். காலை ஒன்பது மணி வாக்கிலோ மாலை நாலு மணிக்கு மேலோ, நேர் வெயில் விழாத தாழ்வாரத்து ஓரத்தில் படத்தை வைத்தால் சீரான வெளிச்சம் கிடைக்கும். வளவு இல்லாத வீட்டில் வடக்குப் பார்த்த ஜன்னல் போதும்.

புகைப்படம் எடுப்பதையும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆத்தங்குடி டைல்ஸ் போட்ட தரையில் படத்தை அப்படியே வைத்து எடுக்காதீர்கள். அந்தச் சிவப்பும் பச்சையும் வெள்ளைத் தாளின் மேல் ஏறும். சுற்றி இத்தனை நிறம் இருப்பதால் போன் கேமராவும் வெள்ளையைத் தப்பாகக் கணிக்கும். கீழே ஒரு வெள்ளை வேட்டியை மடித்து விரித்து, அதன்மேல் படத்தை வைத்து, போனைப் படத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். ஸ்கேன் செய்ய வசதி இருந்தால் 300 டி.பி.ஐ. தெளிவு போதும்.

அடுத்து, படத்தைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். முகப்பிலோ பட்டாலைக் கூடத்திலோ சாய்த்து மாட்டிய பெரிய பெல்ஜியம் கண்ணாடி இருக்கிற வீடென்றால் நல்லது. பீரோக் கண்ணாடியும் ஒன்றும் குறைவில்லை. இடம் வலம் மாறியதும் ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் இருப்பது, தாடை ஒருபக்கம் சரிந்திருப்பது எல்லாம் உடனே தெரியும். இதே போல் போனில் கறுப்பு வெள்ளையாக மாற்றியும் ஒருமுறை பாருங்கள். முகமும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், நிறத்தை மட்டும் நம்பி வெளிச்சம் இருட்டை மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

3. நாலு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்

இதுதான் முக்கியமான இடம். கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்வோம். புதிதாக வருகிறவர்களில் பலர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். கல்கி அதை 1950 முதல் 1954 வரை தம் இதழில் தொடராக எழுதினார். அப்போது அதற்குப் படம் வரைந்தவர் மணியம். வந்தியத்தேவன் எப்படி இருப்பான், நந்தினி எப்படி நிற்பாள் என்பதைத் தமிழ் வாசகர் மனத்தில் பதித்தது கல்கியின் எழுத்தோடு சேர்ந்த அந்தக் கோடுகள்தான். பிறகு வந்த மறுபதிப்புகளுக்கு வேறு ஓவியர்களும் வரைந்தார்கள். 2022-லும் 2023-லும் அது இரண்டு பாகமாகத் திரைக்கு வந்தது. ஆகவே இன்றைக்கு ஒரு கல்லூரி மாணவி நந்தினியை வரைய உட்காரும்போது அவள் கையில் பல பேருடைய நந்தினி இருக்கிறாள். எது யாருடையது என்று அவளுக்கே தெரியாமல் எல்லாம் கலந்து தாளில் இறங்குகிறது.

அதைத்தான் பிரிக்க வேண்டும். நோட்டில் ஒரு பக்கத்தை மேலிருந்து கீழாக நாலு பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் பத்தி: மூல எழுத்தில் இருப்பது. இரண்டாவது: எனக்கு முன் வரைந்தவர்களிடமிருந்து வந்தது. மூன்றாவது: திரையில், புகைப்படத்தில், போஸ்டரில் பார்த்தது. நாலாவது: நானாகச் சேர்த்தது.

ஒருவர் பூங்குழலியை வரைந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோடிக்கரை, இரவு, சதுப்பு நிலத்தில் திடீர் திடீரென்று எழுந்து மறையும் நெருப்பு. ஓடக்காரப் பெண் என்பதும், இருட்டும், அந்த நெருப்பும் எழுத்திலேயே இருப்பவை, முதல் பத்தி. மூக்கும் கண்ணும் திரையில் பார்த்த நடிகையுடையவை, மூன்றாவது பத்தி. புடவைக் கட்டை ஒரு பழைய பத்திரிகை ஓவியத்தைப் பார்த்துப் போட்டிருந்தால் இரண்டாவது. துடுப்பைப் பிடித்த கையில் காய்ப்புக் காய்ச்சியிருப்பதை அவராக வரைந்திருந்தால் அது நாலாவது.

எழுதி முடித்ததும் அந்தப் பக்கம் உங்களோடு பேசத் தொடங்கும். நெருப்பு கீழேயிருந்து எழுகிறது என்று முதல் பத்தியில் எழுதியிருப்பீர்கள்; படத்திலோ முகத்தின் நெற்றியில் வெளிச்சம் விழுந்து தாடை இருட்டாக இருக்கும். திரையில் பார்த்த முகத்தை அதன் வெளிச்சத்தோடு சேர்த்துக் கொண்டுவந்துவிட்டதால் வருகிற முரண் இது. 'முகம் சரியா வரல' என்று சும்மா வருத்தப்படுவதைவிட, 'வெளிச்சம் மூணாவது பத்தியிலிருந்து வந்திருக்கு, முதல் பத்தியிலிருந்து வந்திருக்கணும்' என்று தெரிந்துகொள்வது எத்தனையோ மடங்கு பயன். அடுத்த படத்தில் எதைத் திருத்துவது என்பது கையில் கிடைத்துவிடுகிறது.

நடிகர் படமோ விளையாட்டு வீரர் படமோ என்றால் மூன்றாவது பத்தி நீளமாக இருக்கும். அங்கே ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்: அந்தப் புகைப்படத்தை எடுத்தவர் யார்? கோணம், நிழல், பார்வை எல்லாம் அவர் தேர்ந்தெடுத்தவை. பெயர் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் எந்தப் பத்திரிகை, எந்தப் படத்தின் விளம்பரம் என்றாவது குறியுங்கள். அனிமே என்றால் கண்ணின் அளவு, முடியின் கூர்மை எல்லாம் அந்தத் தொடரின் பாத்திர வடிவமைப்பாளர் தீர்மானித்தவை. ஒற்றி வரைந்திருந்தால் ஒற்றி வரைந்தது என்று எழுதுங்கள்; பழகுவதற்காக ஒற்றுவது காலகாலமாக நடப்பது, அதை மறைப்பதுதான் தப்பு. ஏ.ஐ. கருவியைப் பயன்படுத்தியிருந்தால், எந்த இடத்தில் எந்த அளவுக்கு என்பதையும் எழுதிவிடுங்கள்.

நாலாவது பத்தியைப் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் தயங்குகிறார்கள். 'நான் என்ன சேர்த்தேன், ஒண்ணுமே இல்லையே' என்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ஒரு மாலை அங்கே போய்ச் சுவரில் மாட்டியிருப்பவற்றைப் பாருங்கள். ரவிவர்மாவின் அச்சுக்கூடம் 1894-ல் பம்பாயில் தொடங்கிய பிறகு, அவர் வரைந்த லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படங்களாக நாடு முழுவதும் போனார்கள், செட்டிநாட்டு வீடுகளுக்கும் வந்தார்கள். அந்தப் படங்களில் சிலவற்றுக்கு வீட்டுப் பெண்கள் பட்டுத்துணி வெட்டி ஒட்டிப் புடவை கட்டினார்கள், ஜரிகை வைத்துத் தைத்தார்கள், சமிக்கி பதித்து நகை போட்டார்கள். முகம் ரவிவர்மாவுடையது. ஆனால் எந்த நிறத்துப் பட்டு, ஜரிகை எவ்வளவு அகலம், எந்த இடத்தில் சமிக்கியை நிறுத்துவது என்பதெல்லாம் தைத்த பெண்ணின் தீர்மானம். நம் ஊரின் ஃபேன் ஆர்ட் என்று நான் முதலில் காட்டுவது இவற்றைத்தான். நாலாவது பத்தி என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியாது.

இன்னொன்றையும் அங்கே கவனியுங்கள். வரைந்தவர் ரவிவர்மா என்று நமக்குத் தெரியும். தைத்தவர் யார் என்று அந்தப் படங்களில் எழுதிவைக்கவில்லை. எந்த ஆச்சியின் கைவேலை என்று கேட்டால் கடைக்காரருக்கும் சொல்லத் தெரியாது. பரிந்துரைக்கு வரும்போது இதை நினைத்துக்கொள்வோம்.

4. பின்னணி: நம் வீடா, அவர்கள் காலமா?

செட்டிநாட்டுப் பிள்ளைகளின் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயம் இது, அதனால் தனியாகச் சொல்கிறேன். சோழ இளவரசிக்குப் பின்னால் பர்மா தேக்குத் தூண், பூவேலைப்பாடு செய்த நிலைக்கதவு, கீழே ஆத்தங்குடி டைல்ஸ். கண்ணுக்குப் பழகிய அழகு, கை தானாக அதைப் போட்டுவிடுகிறது. ஆனால் நம் பெரிய வீடுகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்தவை. கதை நடப்பது 10-ஆம் நூற்றாண்டில்.

இப்படி வரையவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குந்தவை கானாடுகாத்தான் வீட்டு வளவில் நிற்பதுபோல் தெரிந்தே வரைந்தால் அது நல்ல கற்பனை. நாலாவது பத்தியில் பெருமையாக எழுதலாம். தெரியாமல் வந்திருந்தால் அதையும் எழுதுங்கள். தெரிந்து செய்ததா, தானாக வந்ததா என்பது மட்டும் உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்.

காலத்துக்கு ஏற்ற பின்னணி வேண்டுமானால் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 40 கிலோமீட்டர். அங்கிருந்து சித்தன்னவாசல் போகலாம்; பாண்டியர் காலச் சமண ஓவியங்களில் தாமரைக் குளமும் ஆடும் பெண்களும் இருக்கிறார்கள். சிகை அலங்காரம், கழுத்தணி, கை முத்திரை பார்த்துக் குறித்துக்கொள்ள அதற்கு இணையான இடம் இந்தப் பக்கத்தில் இல்லை. நார்த்தாமலையில் விஜயாலய சோழீச்சரம். விராலிமலைப் பக்கம் கொடும்பாளூரில் பூதி விக்கிரமகேசரி கட்டிய மூவர் கோயில். மூன்றில் இரண்டு விமானங்கள் இன்றும் நிற்கின்றன. கதையில் வானதி கொடும்பாளூர் இளவரசி. வானதியை வரைகிற ஒருவர் அவள் ஊர்க் கல்லையே நேரில் பார்த்து வரைய முடிவது சாதாரண வாய்ப்பில்லை. ஸ்கெட்ச் நோட்டோடு போங்கள், அங்கேயே உட்கார்ந்து வரையுங்கள்; வீட்டுக்கு வந்து போனைப் பார்த்து வரைவது வேறு.

வழியில் திருமயம் கோட்டையைப் பார்த்ததும் கை துறுதுறுக்கும். அது 1687-ல் சேதுபதி மன்னர் காலத்தில் எழுந்தது. பழுவேட்டரையர் அதன் வாசலில் நிற்பதாக வரைந்தால் அதுவும் தெரிந்தே செய்ததாக இருக்கட்டும்.

5. குறிப்பாக எழுதி வையுங்கள்

நாலு பத்தியும் உங்களுக்காக. அதிலிருந்து படத்தோடு வைக்கிற ஒரு சிறு குறிப்பை எடுத்து எழுதுங்கள். ஐந்தாறு வரி போதும். இப்படி:

'பூங்குழலி, கோடிக்கரை இரவு. ஏ4 தாளில் வாட்டர்கலர். சதுப்பில் தெரியும் நெருப்பு கல்கி எழுதியது. முகச்சாயல் திரைப்படத்திலிருந்து வந்தது. காய்ப்புக் காய்த்த கை என் சேர்க்கை, தினம் துடுப்புப் போடுகிற பெண்ணுக்கு அது இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீரில் நெருப்பின் பிரதிபலிப்பு நினைத்தபடி வந்திருக்கிறது. முகத்தில் விழும் வெளிச்சத்தின் திசையை அடுத்த படத்தில் மாற்றப் போகிறேன்.'

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நன்றாக வந்ததைச் சொல்லக் கூச்சப்படவில்லை. நம் பக்கத்தில் பிள்ளைகளை அடக்கமாக வளர்க்கிறோம். 'சுமாராத்தான் வரைஞ்சிருக்கேன், தப்பா எடுத்துக்காதீங்க' என்று ஆரம்பிப்பதே பழக்கமாகிவிட்டது. அந்த வரியை எழுதவே எழுதாதீர்கள். பார்க்கிறவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உங்களுக்கோ எது நன்றாக வந்தது என்பதே மறந்துபோகும். நன்றாக வந்த ஒன்று, மாற்றப்போகிற ஒன்று, இரண்டையும் எழுதுங்கள். தேதி போடுங்கள். ஒரு வருடம் கழித்து எல்லாக் குறிப்பையும் வரிசையாகப் படிக்கும்போது, மாற்றப்போகிறேன் என்று எழுதியவற்றில் எவை உண்மையிலேயே மாறின என்பது தெரியும். அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

6. பரிந்துரை: நாலு பேருக்கு எடுத்துச் சொல்வது

இனி அடுத்தவர் படம்.

காரைக்குடியில் கம்பன் விழாவுக்குப் போயிருப்பீர்கள். போகாவிட்டால் வருகிற பங்குனியில் போங்கள். சா. கணேசன் 1939-ல் தொடங்கியது. அங்கே நல்ல பேச்சாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். 'கம்பன் பெரிய கவிஞன்' என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்குவதில்லை. ஒரே ஒரு பாட்டை எடுத்து, அதில் ஒரு சொல் ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்று விரித்துக் காட்டுவார். கேட்டவர்கள் வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைத் தேடுவார்கள். பரிந்துரை என்றால் அதுதான். உங்கள் பேச்சைக் கேட்டு ஒருவர் அந்தப் படத்தைத் தேடிப் போக வேண்டும்.

'செம படம், வேற லெவல், கண்டிப்பா பாருங்க' என்பதை எந்தப் படத்துக்கும் சொல்லலாம். அதனால் எந்தப் படத்துக்கும் அது பயன்படாது. இதைப் பாருங்கள்:

'வானதி கையிலிருந்து விளக்குத் தட்டு விழும் காட்சி. வரைந்தவர் முகத்தையே காட்டவில்லை. தரையில் உருளும் விளக்கு, சிந்திய எண்ணெய், பின்வாங்குகிற இரண்டு பாதம், அவ்வளவுதான். கால்விரல்கள் மடங்கியிருப்பதிலேயே பயம் தெரிகிறது. கதை படித்தவர்கள் ஒரு நிமிடம் நிற்பார்கள், படிக்காதவர்களுக்கும் புரியும். கறுப்பு மையும் ஒரே ஒரு மஞ்சளும்தான் நிறம்.'

முதல் வரியில் எந்தக் காட்சி என்று இருக்கிறது. பிறகு வரைந்தவரின் தீர்மானம். பிறகு பரிந்துரைப்பவரை நிறுத்திவைத்த ஒரு சின்ன இடம். பிறகு யாருக்குப் பிடிக்கும் என்பது. உங்கள் படத்துக்கு நாலு பத்தி போட்டுப் பழகியிருந்தால், அடுத்தவர் படத்தில் நாலாவது பத்தி எது என்று தேடக் கண் தானாகப் போகும். அங்கே கிடைப்பதை எழுதுங்கள். வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை.

எதைப் பரிந்துரைப்பது? ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த பெரிய கைகளை நான் கடைசியில்தான் வைப்பேன். பத்துப் பேர் மட்டும் பார்த்த படத்துக்குத்தான் உங்கள் வார்த்தை தேவை. தாளில் வரைந்ததோடு நிற்கவும் வேண்டாம். மார்கழியில் வாசலில் தனக்குப் பிடித்த பாத்திரத்தைக் கோலமாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொலுப் படியில் கதைக் காட்சியைக் களிமண்ணில் செய்து வைப்பவர்கள், கொட்டான் பின்னும்போது ஒரு தொடரின் சின்னத்தை ஓலையில் கொண்டுவருபவர்கள், தாவணியில் தைத்துக்கொள்பவர்கள், எல்லாம் ரசிகர் படைப்புதான். வாசல் கோலம் மறுநாள் காலையில் இருக்காது. அதைப் பற்றி எழுதி வைக்கிறவர் இல்லாவிட்டால் அப்படி ஒன்று இருந்ததே யாருக்கும் தெரியாது.

7. பெயர், அனுமதி, இணைப்பு

ஜரிகை தைத்த ஆச்சிமாரின் பெயர் நம்மிடம் இல்லை. இப்போது வரைகிறவர்களுக்கு அப்படி ஆகக் கூடாது. பெயரில்லாமல் ஒரு படத்தையும் பரிந்துரைக்காதீர்கள்.

எந்தப் பெயர் என்பதில் கவனம் வேண்டும். படத்தின் மூலையில் அவர் எந்தப் பெயரைப் போட்டிருக்கிறாரோ அதுதான் அவர் பெயர். அது புனைபெயராக இருந்தால் உங்களுக்கு உண்மைப் பெயர் தெரிந்தாலும் சொல்லாதீர்கள். நம்முடையது சின்ன ஊர். ஊர்ப்பெயரும் வீட்டு விலாச எழுத்தும் (குடும்பத்தின் தலைப்பெழுத்துகள்) சொன்னால் போதும், எந்த வீட்டுப் பிள்ளை என்று நாலு தெரு தாண்டித் தெரிந்துவிடும். வீட்டில் சொல்லாமல் வரைகிற பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய காரணம் அவர்களுக்கு. வாசல் கோலத்தைப் படமெடுத்தால் கதவு எண்ணும் நிலைப்படியில் நிற்கும் குழந்தையும் சட்டத்துக்குள் வராமல் பாருங்கள்.

அனுமதி கேட்பது இரண்டு நிமிட வேலை. இப்படிக் கேட்கலாம்: 'வணக்கம். உங்கள் வானதி படத்தில் அந்தப் பாதங்களைப் பார்த்து நின்றுவிட்டேன். அதைப் பற்றி நாலு வரி எழுதி, உங்கள் பக்கத்துக்கான இணைப்போடு என் நண்பர்களுக்குச் சொல்லலாமா? படத்தை நான் எடுத்துப் போடமாட்டேன். எந்தப் பெயரில் குறிப்பிட வேண்டும் என்று சொல்லுங்கள்.' வயதில் மூத்தவர் என்று தெரிந்தால் அண்ணன் என்றோ ஆச்சி என்றோ சேர்த்துக்கொள்ளுங்கள். தெரியாவிட்டால் 'நீங்கள்' போதும். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

படத்தை எடுத்துப் போடாமல் இணைப்பைக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் கைமாறும்போது படம் சுருங்கித் தரம் குறைகிறது. நாலாவது கைக்குப் போகும்போது மூலையில் இருக்கிற பெயரை யாராவது வெட்டியிருப்பார்கள். பாராட்டோ வாய்ப்போ வரைந்தவரிடம் போய்ச் சேர வேண்டுமானால் அவர் வைத்திருக்கிற இடத்துக்கே ஆட்களை அனுப்புங்கள்.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி பொதுவாக எழுத்துக்கும் ஓவியத்துக்கும் உரிமை படைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் மறைந்த அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் இருக்கும். கல்கி 1954-ல் மறைந்தார். அவர் எழுத்தின் உரிமைக்காலம் 2014 முடிவோடு தீர்ந்தது. ஆனால் அதற்கு மற்றவர்கள் வரைந்த ஓவியங்களுக்கும் திரைப்படத்துக்கும் கணக்கு தனி. விமர்சனத்துக்காக ஒரு படைப்பை நியாயமான அளவில் எடுத்துக்காட்டச் சட்டத்தில் இடம் உண்டு. தன் பெயரைப் போடச் சொல்லும் உரிமையும், தன் படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் 57-ஆம் பிரிவில் இருக்கின்றன. டீ-ஷர்ட்டிலோ கோப்பையிலோ அச்சிட்டு விற்கப் போகிறீர்கள் என்றால் இந்தக் கட்டுரை போதாது, தெரிந்த வழக்கறிஞரைக் கேளுங்கள்.

8. பரிந்துரையில் சேர்க்கக் கூடாதவை

குறை சொல்லாதீர்கள். குறை சொல்ல வேண்டிய படம் என்று தோன்றினால் வேறு படத்தைப் பரிந்துரையுங்கள். வரைந்தவர் கேட்டால், தனியாக, ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லலாம். அதுவும் கண்ணாடியில் பார்த்ததும் தெரிகிற மாதிரி திருத்தக்கூடிய விஷயமாக இருக்கட்டும்.

ஒப்பிடாதீர்கள். 'இவர் படத்துக்கு முன்னால் அவர் படமெல்லாம் ஒன்றுமில்லை' என்று எழுதினால் ஒருவரைத் தூக்கப் போய் இன்னொருவரை மிதித்ததாகும். இரண்டு பேரும் ஒரே பேருந்தில் போய் வருகிறவர்களாக இருக்கலாம்.

கதையின் பின்பகுதி தெரிந்துவிடும் என்றால் முதல் வரியிலேயே எச்சரியுங்கள். கொலை, ரத்தம், பெரியவர்களுக்கு மட்டுமான காட்சி இருந்தாலும் அப்படியே. கண் தெரியாதவர்களும் உங்கள் பரிந்துரையைக் கேட்பார்கள் என்பதை நினைவில் வைத்து, படத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரியில் சொல்லுங்கள். மேலே காட்டிய வானதி பரிந்துரையில் அந்த வேலையும் சேர்ந்தே நடந்திருக்கிறது.

9. சொன்ன பிறகு

பரிந்துரைத்ததை வரைந்தவருக்குத் தெரியப்படுத்துங்கள். பலருக்கும் தன் படத்தை முன்பின் தெரியாத ஒருவர் உட்கார்ந்து பார்த்தார் என்பதே முதல் முறையாக இருக்கும். யார் யாரைப் பரிந்துரைத்தீர்கள் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆள் மூன்று முறை வந்திருந்தால் அடுத்ததற்கு வேறு பக்கம் தேடுங்கள்.

சிலர் பிறகு பெயரை மாற்றிக்கொள்வார்கள், சிலர் படத்தை எடுத்துவிடுவார்கள், சிலர் திருமணத்துக்குப் பின் எல்லாவற்றையும் நீக்கச் சொல்வார்கள். கேட்ட அன்றே நீக்கிவிடுங்கள், காரணம் கேட்காதீர்கள். பிற்பாடு அவரே வேறொரு பெயரில் மறுபடி வரைய வந்தால், பழைய பெயரை யாரிடமும் சொல்லாமல் புதுப் பெயரிலேயே பரிந்துரையுங்கள்.